நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்: பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி?

டெல்லி நேரு பிளேஸில் ஒரு மாடிக் கடையில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். தமிழ் பேசுகிற ஆள் என்று யாரோ சொல்லி, பழைய ராஜிந்தர் நகரில் யூபிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள், முனிர்க்காவில் அறை எடுத்திருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள், மயூர் விஹார் மாமிகள், உச்ச நீதிமன்ற வக்கீல்கள் என்று நம் ஆட்கள் நிறைய வருவார்கள். எந்தப் பழுதுக்காக வந்தாலும், கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவார்கள்: "அண்ணா, ராத்திரி பகலா சொருகியே வெச்சிருக்கேன், பேட்டரி போயிடுமா?"

சொருகியே வைக்கலாம். ஆனால் 100 சதவீதத்தில் நிற்க விடாதீர்கள், சூட்டில் வேக விடாதீர்கள். ஒயரைப் பிடுங்குவதா வேண்டாமா என்று யோசிப்பதைவிட இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

சொருகியிருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

அடாப்டரிலிருந்து வரும் கரண்ட் முதலில் பேட்டரிக்குள் போய், அங்கிருந்து லேப்டாப்புக்கு வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மதர்போர்டில் சார்ஜிங் ஐசி என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. அடாப்டர் இருக்கும்வரை போர்டுக்கு வேண்டியதை அடாப்டரிடமிருந்தே எடுத்துக் கொடுக்கும், மிச்சத்தைப் பேட்டரிக்கு அனுப்பும். பேட்டரி நிரம்பியதும் அந்தப் பக்கத்துக் கதவை மூடிவிடும். சாதாரண லித்தியம் அயான் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் நிறைவு. சில புது ரகங்கள் 4.35, 4.4 வரை போகும். அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கப் பேட்டரிக்குள்ளேயே தனியாக ஒரு காவல் சர்க்யூட்டும் இருக்கிறது. அதனால் நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி, ராத்திரி முழுக்கச் சொருகியிருந்ததால் ஓவர்சார்ஜ் ஆகாது.

சில சமயம் 96, 97-இல் நின்றுகொண்டு 'சொருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை' என்று திரையில் காட்டும். இதைப் பழுது என்று நினைத்து மெட்ரோ பிடித்து வருகிறவர்கள் உண்டு. பழுதில்லை. ஒன்றிரண்டு சதவீதம் இறங்கியதற்காக உடனே மறுபடி ஏற்ற வேண்டாம் என்று லேப்டாப்பே காத்திருக்கிறது, அவ்வளவுதான். அப்படி வந்தவர்களிடம் நான் காசு வாங்குவதில்லை.

"வாரத்துக்கு ஒரு தடவை சுத்தமா இறக்கிட்டு ஏத்தணும்" என்று இன்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான அறிவுரை. பாதியில் ஏற்றினால் அந்தப் பாதியையே முழு அளவாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதற்கு இருந்தது. 1991-இல் சோனி லித்தியம் அயானை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இன்றைய லேப்டாப்புகளில் அந்தக் குடும்பத்துப் பேட்டரிதான் இருக்கிறது. இதைப் பூஜ்யம் வரை இறக்கினால் நல்லதுக்குப் பதில் கெடுதல்தான் நடக்கும்.

பிடுங்கிப் பிடுங்கிப் போட்டால்?

சரி, காலையில் ஒயரைப் பிடுங்கி, மாலையில் 20-க்கு வந்ததும் சொருகினால் பேட்டரிக்கு நல்லதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 100-லிருந்து 20-க்கு இறங்கினால் 80 சதவீதம் செலவு. மொத்தமாக 100 சதவீதம் செலவானால் அது ஒரு சுழற்சி. இறங்கியது ஒரே நாளிலா நாலு நாளிலா என்பது கணக்கில்லை. ஆக, ஒரு நாளைக்கு 0.8 சுழற்சி, வருடத்துக்குக் கிட்டத்தட்ட 290. விண்டோஸ் லேப்டாப் பேட்டரிகளில் பல, 300 முதல் 500 சுழற்சிக்குள் நன்றாகவே தளர்ந்துவிடும். ஆப்பிள் தன் இன்றைய மேக்புக்குகளுக்கு 1000 சுழற்சி என்று கணக்கு வைத்திருக்கிறது. மேசையை விட்டு நகராத லேப்டாப்பில் இப்படித் தினமும் இறக்கி ஏற்றினால், எந்தப் பலனும் இல்லாமல் ஒன்றரை வருடத்தில் பேட்டரியைத் தேய்த்துவிடுகிறீர்கள்.

மேசையிலேயே வேலை என்றால் சொருகியே வையுங்கள். வெளியே எடுத்துப் போகிறவர்கள் வெளியே போகும்போது பேட்டரியில் ஓட்டுங்கள், அது அதற்காகத்தானே இருக்கிறது.

எதனால் தளர்கிறது

நான் திறந்து பார்க்கிற செத்த பேட்டரிகளில் சுழற்சி தீர்ந்து போனவை ஒரு வகை. சுழற்சி எண்ணிக்கை நூற்றைக்கூடத் தொடாமல் உப்பிப் போய்க் கிடப்பவை இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை டெல்லியில் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். காரணம் நம் கோடை.

செல் நிரம்பியிருக்கும்போது அதன் வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும். அந்த உச்சத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் நேர்முனைப் பக்கம் மெல்லச் சிதையும், கொஞ்சம் வாயுவும் உண்டாகும். எதிர்முனையில் ஏற்கெனவே இருக்கும் மெல்லிய படலம் தடித்துக்கொண்டே போய், ஓடியாட வேண்டிய லித்தியத்தைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளும். லேப்டாப்பை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் இது நடக்கும். சூடு சேர்ந்தால் எல்லாமே வேகமாக நடக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டவனைக் கொண்டுபோய் வெயிலில் உட்கார வைத்தால் அவன் பாடு எப்படி, அந்த மாதிரி.

பேட்டரி யுனிவர்சிட்டி என்ற தளம் வெளியிட்டிருக்கும் அட்டவணை ஒன்றைக் கடைக்கு வருகிறவர்களிடம் காட்டுவேன். 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜோடு ஒரு வருடம் சும்மா வைத்த பேட்டரியில், கொள்ளளவு 96 சதவீதம் மிஞ்சுகிறது. அதே 25 டிகிரியில் முழுச் சார்ஜோடு வைத்தால் 80. இப்போது வெப்பத்தை 40 டிகிரி ஆக்குங்கள். 40 சதவீதச் சார்ஜில் வைத்தது 85-இல் நிற்கிறது, முழுச் சார்ஜில் வைத்தது 65-க்கு வந்துவிடுகிறது. எல்லாப் பேட்டரியும் அச்சு அசலாக இப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன். செல்லின் ரகத்தைப் பொறுத்து மாறும். ஆனால் எது எவ்வளவு பாதிக்கிறது என்பது இதில் தெரிகிறது.

இதை டெல்லிக்குப் பொருத்திப் பாருங்கள். மே மாதம் வெளியே 44, 45. மொட்டை மாடியில் ஒற்றை அறையாகக் கட்டி வாடகைக்கு விடுவார்களே, பர்சாத்தி, அதில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். யூபிஎஸ்சி பிரிலிம்ஸ் வருவதும் மே கடைசி, ஜூன் வாக்கில்தான். பையன் வீடியோ வகுப்பைப் போட்டுவிட்டுப் பதினாலு மணி நேரம் லேப்டாப்பை 100-இல் சொருகியே வைத்திருக்கிறான். அறையின் சூடு, பிராசஸர் சூடு, நிரம்பிய செல் மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. அதே மாடல் லேப்டாப்பைத் தன் ஏசி அறையில் மானிட்டரோடு இணைத்து வருடக்கணக்காகச் சொருகியே வைத்திருக்கும் வக்கீல் ஒருவர் வருவார். அவருடைய பேட்டரி இன்னும் நன்றாகவே இருக்கிறது. இருவருமே ஒயரைக் கழற்றாதவர்கள்தான்.

முதல் வேலை: 80-இல் நிறுத்துங்கள்

இதற்குப் பைசா செலவில்லை, ஐந்து நிமிடம் போதும். இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில், 'இவ்வளவுக்கு மேல் ஏற்றாதே' என்று சொல்லும் வசதியைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார். எங்கே என்பதுதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விண்டோஸின் செட்டிங்ஸில் தேடி, இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இது பெரும்பாலும் லேப்டாப் கம்பெனியின் சொந்தச் செயலியிலோ, விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையிலோ இருக்கும்.

லெனோவோ என்றால் லெனோவோ வான்டேஜ் செயலியைத் திறந்து பவர் பகுதிக்குப் போங்கள். ஐடியாபேட், யோகா, லீஜியன் வகைகளில் கன்சர்வேஷன் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். புது மாடல்கள் 80-ஐ ஒட்டி நிறுத்தும். பழையவை 60-லேயே நிறுத்திவிடும், பயந்துவிடாதீர்கள். திங்க்பேடில் இன்னும் வசதி: எந்தச் சதவீதத்தில் ஏற்றத் தொடங்க வேண்டும், எதில் நிறுத்த வேண்டும் என்று இரண்டு எண்களையும் நீங்களே கொடுக்கலாம். மேசை வேலைக்கு நான் 75, 80 என்று போட்டுக் கொடுப்பேன். அதே செயலியில் ரேபிட் சார்ஜ் என்றும் ஒன்று இருக்கும். கன்சர்வேஷனைப் போட்டால் அது தானாக அணைந்துவிடும், அணையட்டும்.

டெல்லில் பவர் மேனேஜர் அல்லது ஆப்டிமைசர் செயலியில் கிடைக்கும். எதுவும் இல்லாவிட்டால் லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 விசையைத் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். பேட்டரி பகுதியில் 'பிரைமரிலி ஏசி யூஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும், பெரும்பாலும் சொருகியே இருக்கும் என்று அர்த்தம். 'கஸ்டம்' எடுத்தால் தொடக்கமும் நிறுத்தமும் நம் கையில். பயாஸிலேயே போடுவதில் ஒரு லாபம், நாளைக்கு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இந்த அமைப்பு அப்படியே இருக்கும்.

எச்பியின் அலுவலக வகை லேப்டாப்புகளில் எஃப்10 தட்டிப் பயாஸுக்குப் போனால் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்று இருக்கும். அதில் 'மேக்சிமைஸ் மை பேட்டரி ஹெல்த்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், 80-இல் நின்றுவிடும். வீட்டு வகை மாடல்களில் பலவற்றில் இப்படி நேரடி வசதி இல்லை. அடாப்டிவ் பேட்டரி ஆப்டிமைசர் என்று ஒன்று தானாகப் பார்த்து நடந்துகொள்ளும். அதை ஆன் செய்துவிட்டு நம்ப வேண்டியதுதான்.

ஆசுஸுக்கு மைஆசுஸ் செயலியில் பேட்டரி கேர். ஏசருக்கு கேர் சென்டர் அல்லது ஏசர்சென்ஸ், அதிலும் 80. எம்எஸ்ஐயில் 60, 80, 100 என்று மூன்று படி இருக்கும். லினக்ஸ் வைத்திருக்கும் முனிர்க்காப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. டிஎல்பி என்ற செயலியைப் போட்டு, எதில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணைக் கொடுத்துவிடுவார்கள்.

மேக்புக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் 2020-இலிருந்து இருக்கிறது. உங்கள் பழக்கத்தைக் கவனித்து, தேவையில்லாத நேரத்தில் 80-இல் காத்திருக்கும். பழக்கம் ஒழுங்காக இருந்தால்தான் அதற்குப் பிடிபடும். ஒரு நாள் காலை, ஒரு நாள் நடுராத்திரி என்று வேலை செய்கிறவர்களிடம் அது திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு, வரம்பை நாமே வைத்துக்கொள்ள விடும் ஆல்டென்டே என்ற தனிச் செயலியைப் போட்டுக் கொடுப்பதுண்டு.

"80-ல நிறுத்திட்டா மீதி 20 வீணாப் போகுதே" என்பார்கள். அது எங்கேயும் போகவில்லை. ரயில் ஏறும் நாளில் முந்தின இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு தடவை நிரம்புவதில் பாதகமில்லை, மாதக்கணக்கில் நிரம்பியே நிற்பதில்தான் பாதகம்.

இந்த வசதி எதுவுமே இல்லாத பழைய லேப்டாப்பா? அப்படியானால் கண்ணில் படும்போது 80-ஐத் தாண்டியதும் கழற்றி, 40 வாக்கில் சொருகுங்கள். அதற்காக அலாரம் வைத்துப் படிப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்டரியைவிட உங்கள் பரீட்சை முக்கியம். படுக்கப் போகும்போது மட்டும் மறக்காமல் கழற்றி, லேப்டாப்பை அணைத்துவிட்டால் அதுவே பாதி வேலை.

அடுத்தது சூடு

கையை வைத்துப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை. மெல்லிய லேப்டாப்புகளில் பேட்டரி பெரும்பாலும் உள்ளங்கையை வைக்கும் இடத்துக்கு அடியில்தான் இருக்கும். விசைப்பலகைக்கு மேல்பக்கம் சுட்டால் அது பிராசஸர், பரவாயில்லை. உள்ளங்கைப் பக்கமும் சுடுகிறது என்றால் பேட்டரியும் காய்ந்துகொண்டிருக்கிறது. மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மே மாதத்துப் பர்சாத்தி அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

டெல்லிக்கு முதல் எதிரி தூசி. ஆந்தி என்கிற புழுதிக்காற்று ஒரு தடவை அடித்தால் போதும், ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் மேசையில் விரலால் எழுதலாம். அந்தத் தூசி மின்விசிறிக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிப் போர்வை மாதிரிப் படிந்துவிடும். அப்புறம் விசிறி எவ்வளவு கத்தினாலும் காற்று வெளியே வராது. கோடைக்கு முன்னால், மார்ச் வாக்கில் ஒரு தடவை திறந்து சுத்தம் செய்துவிடுங்கள். வீட்டிலேயே செய்வதானால் அணைத்து, ஒயரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரித்துவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். ப்ளோயரால் ஊதி விசிறியைக் கண்டபடி சுழல விடாதீர்கள், பேரிங் போகும். திருப்புளி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுவதே மேல்.

குளிர்காலத்தில் வேறு கதை. ஜனவரியில் ரஜாய் என்கிற தடித்த பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, லேப்டாப்பையும் அதன் மேலேயே வைத்துப் படம் பார்ப்பார்கள். பஞ்சு ரஜாய் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை முழுசாக அடைத்துவிடும். வெளியே 5 டிகிரி இருந்தாலும் உள்ளே லேப்டாப் வெந்துகொண்டிருக்கும். ஒரு பலகை, பெரிய புத்தகம், சாப்பாட்டுத் தட்டு எதையாவது அடியில் வையுங்கள். யூபிஎஸ்சிக்கு எல்லாரும் படிக்கும் லட்சுமிகாந்த் புத்தகத்தின் தடிமன் இதற்குச் சரியாக இருக்கும் என்று ஒரு பெண் சொன்னாள், படித்து முடித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

கூலர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மே மாதத்து வறண்ட வெயிலில் கூலர் காற்று லேப்டாப்புக்கும் இதம்தான். ஆனால் லேப்டாப்பைக் கூலரின் முகத்துக்கு நேராக வைத்தால் நீர்த்துளியும் சேர்ந்து வரும். நாலடி தள்ளியே இருக்கட்டும். ஜூலையில் மழை தொடங்கி ஈரப்பதம் ஏறிவிட்டால் கூலர் எதையும் குளிர்விக்காது, அறையைத்தான் ஊற வைக்கும். அப்போது சும்மா விசிறியே நல்லது.

நிறுத்தி வைத்த காரில் லேப்டாப்பை விடவே கூடாது. கண்ணாடி ஏற்றிய கார் மே மாத மதியத்தில் 60 டிகிரியைக்கூடத் தொடும்.

சொருகியிருந்தும் பேட்டரி இறங்குகிறதா?

கேமிங் லேப்டாப்புகளில் இது நடக்கும். 180 வாட் அடாப்டர் கேட்கும் லேப்டாப்பை 65 வாட் டைப்-சி சார்ஜரில் சொருகிக்கொண்டு விளையாடினால் மீதி வாட்டைப் பேட்டரிதான் கொடுத்தாக வேண்டும். விளையாட்டு நின்றதும் மறுபடி ஏறும். இப்படி ஏறி இறங்கி, அதுவும் கொதிக்கிற சூட்டில், சுழற்சி மளமளவென்று தீரும். கனமான வேலைக்குக் கூடவே வந்த அடாப்டரைத்தான் போட வேண்டும்.

கரண்ட் போய்ப் போய் வரும் காலனிகளில் இருப்பவர்கள் சொருகியிருப்பதே நல்லது. இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பைப் பேட்டரி தாங்கிக்கொள்ளும், எழுதிக்கொண்டிருந்தது போகாது. சிலர் பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டுவார்கள். கரண்ட் போனால் வேலையும் போகும், சில மாடல்கள் பேட்டரி இல்லையென்றால் பிராசஸர் வேகத்தையே குறைத்துவிடும். இடி மின்னல் அடிக்கும்போது மட்டும் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

உலோக உடம்பு லேப்டாப்பைத் தொட்டால் கையில் ஜிவ்வென்று இழுக்கிறது, பேட்டரி கசிகிறதா என்றும் கேட்பார்கள். அதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை. எர்த் இல்லாத பிளக்கில் சொருகியிருப்பீர்கள். எர்த் உள்ள மூன்று பின் ஒயருக்கும் பிளக்குக்கும் மாறினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, அதை ஒட்டியே பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கோப்பு எங்கே பதிவானது என்று சொல்லும். அதை பிரவுசரில் திறந்தால் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக முதல் எண் 50,000, இரண்டாவது 41,000 என்றால் 82 சதவீதம் மிச்சம் இருக்கிறது. 80-க்கு மேல் என்றால் கவலையே வேண்டாம். 60-க்குக் கீழே போய், லேப்டாப்பும் 30 சதவீதம் காட்டும்போதே திடீர் திடீரென்று அணைந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியிலேயே ஆரோக்கியச் சதவீதம் கிடைக்கும். சுழற்சி எண்ணிக்கை சிஸ்டம் ரிப்போர்ட்டில் பவர் என்ற தலைப்பில் இருக்கும்.

மாதக்கணக்கில் 80-லேயே நிற்கும் பேட்டரியில் அளவுமானி கொஞ்சம் தடுமாறலாம். எப்போதாவது ஒரு முறை 10 வரை இறக்கி, இடையில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றினால் கணக்கு நேராகும். சரியாவது மானிதான், தேய்ந்த பேட்டரி இதனால் திரும்பி வராது.

ஊருக்குப் போகும்போது

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறும்போது லேப்டாப்பை அறையிலேயே பூட்டிவிட்டுப் போகிறவர்கள், தயவுசெய்து 100 ஏற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பூட்டிய அறை, மே மாதம், நிரம்பிய பேட்டரி, எல்லாம் கெட்டதுக்கே கூடியது. 50 வாக்கில் வைத்து, ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்து, ஜன்னலுக்கும் மேல் அலமாரிக்கும் தள்ளி, தரையை ஒட்டிய கீழ்த்தட்டில் வையுங்கள். அதற்காகக் காலியாகவும் வைக்கக் கூடாது. பூஜ்யத்தில் கிடக்கும் பேட்டரி இன்னும் இறங்கி, திரும்பி வந்து சொருகும்போது ஏறவே மறுக்கலாம்.

விமானத்தில் போகிறவர்கள் செக்-இன் பெட்டியில் போடாமல் கையோடு எடுத்துப் போங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் அவர் வரை இருந்தால் தனி அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம் என்பதால்தான் பெரிய லேப்டாப்புகளிலும் பேட்டரி 99 வாட் அவரில் நிற்கிறது.

உப்பிவிட்டால்

டச்பேட் சொடுக்கவில்லை, விசைப்பலகை நடுவில் மேடாக இருக்கிறது, மூடி சரியாக மூடவில்லை, மேசையில் வைத்தால் ஆடுகிறது: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் லேப்டாப்பைத் திருப்பிப் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பாகம் பிதுங்கியிருந்தால் அந்த நிமிடமே ஒயரைக் கழற்றி அணைத்துவிடுங்கள். இதற்கு மேல் 80-இல் நிறுத்துவது, குளிர வைப்பது எதுவும் பலிக்காது. மேலே கனம் வைத்து அமுக்கக் கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுப்பது எப்படி என்று வீடியோக்கள் உலவுகின்றன. அதைச் செய்தால் தீப்பிடிக்கும், அணைப்பதும் லேசில்லை. பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுவரும்போது பையில் திணிக்காமல் தட்டையாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள், பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடமும் எடைக்குப் போடாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும். தயாரிப்பாளர்களுக்குத் திரும்ப வாங்கும் பொறுப்பு இருக்கிறது. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு எடுக்கும் இடத்திலோ கொடுங்கள்.

புதுசு வாங்கும்போது

நேரு பிளேஸில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் "பையா, பேட்டரி, பக்கா ஒரிஜினல்" என்று கையைப் பிடிப்பார். இந்தச் சந்தையிலேயே பிழைக்கிறவன் சொல்கிறேன், ஒரிஜினல் என்ற சொல்லைக் காதில் வாங்காதீர்கள். முடிந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கேட்டுவிட்டு வாருங்கள். அதில் பாதிக்கும் குறைவாக ஒருவர் கொடுத்தால் அது காப்பி என்று வைத்துக்கொள்ளலாம். காப்பி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், ஐந்து வருடப் பழைய லேப்டாப்புக்கு நல்ல காப்பி போதும். ஆனால் காப்பியின் விலைக்கு வாங்க வேண்டும்.

பழைய பேட்டரியைக் கையோடு எடுத்து வாருங்கள். லேப்டாப் மாடல் பெயரை நம்பாமல் பேட்டரியின் மேல் அச்சிட்ட பார்ட் எண்ணையும் வோல்டேஜையும் வாட் அவரையும் ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் இரண்டு விதப் பேட்டரி வருவது சகஜம். கையில் எடுத்துப் பார்த்தால் புதியது பழையதைவிட நன்றாகவே லேசாக இருந்தால் உள்ளே செல் குறைவாக இருக்கலாம். மாட்டி முடித்ததும் அங்கேயே மேலே சொன்ன ரிப்போர்ட்டை எடுங்கள். சுழற்சி பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டு, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி டிசைன் அளவை ஒட்டி இருக்க வேண்டும். பொய் எண்களைக் காட்டுகிற மலிவு சில்லும் உண்டு என்பதால், வீட்டில் ஒரு தடவை 100-லிருந்து இறக்கி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பில்லில் பேட்டரியின் வரிசை எண்ணையும் உத்தரவாதத்தின் கடைசித் தேதியையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். "எழுதணும்னு அவசியமில்ல, நம்ம கடைதானே" என்பவரிடம் காசைக் கொடுக்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.